மாத்திரையைக் கொடுக்க மறுக்கலாம். மணி அடித்தால் போகத்தான் வேண்டும்

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். சிங்கப்பூரில் தாதியாக மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த ஆண்டு அறுவை சிகிச்சை வார்டிலிருந்து மகளிர் நோய் வார்டுக்கு மாற்றினார்கள். இங்கே கருக்கலைப்புக்கு வருகிறவர்களும் உண்டு. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். அந்த மாத்திரையை என் கையால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. முதல் தடவை முடியாது என்றபோது கூட இருந்த மலாய்த் தாதி ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். இப்போது எல்லாருக்கும் முகம் மாறிவிட்டது. "இந்த வார்டில் இருந்துகொண்டு கேஸைத் தேர்ந்தெடுக்க முடியாது" என்கிறார் மேலாளர். தமிழ் பேசும் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், அதையும் மறுக்கலாமா? போன வாரம் இரவுப் பணியில், மாத்திரை எடுத்துக்கொண்ட ஒரு பெண் ரத்தம் அதிகமாகப் போகிறது என்று மணி அடித்தார். நான் தயங்கி நின்றுவிட்டு, இடைவேளைக்குப் போயிருந்த வேறு ஒருவரைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சட்டம் என் பக்கம் இருக்கிறதா? மறுத்தால் என் வேலை பாஸ் போய்விடுமா? ஊரில் அம்மா, "வேலையை விட்டுட்டு வா" என்கிறார்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

தங்கைக்கு,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலாளருக்கும் அது சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. சிங்கப்பூரில் கருக்கலைப்பு 1970 முதல் சட்டப்படி நடக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1974ஆம் ஆண்டுச் சட்டம். மனசாட்சியால் மறுப்பவர்களுக்கென்று அதற்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது: 6ஆம் பிரிவு. நான் வழக்கறிஞர் இல்லை, பல வருடம் மகளிர் வார்டில் தாதியாகவும் மேலாளராகவும் இருந்தவள். ஆனால் அந்தப் பிரிவு ஒரு பக்கம்கூட வராது. அரசாங்கத்தின் சட்ட இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நீங்களும் படியுங்கள், ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது சொல்வது இதுதான்: மனசாட்சிப்படி எதிர்ப்பு உள்ள யாருக்கும் கருக்கலைப்புச் சிகிச்சையில் பங்கெடுக்கும் கடமை கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சரி, வேறு சட்ட விதி எதைக் காட்டினாலும் சரி. டாக்டருக்கு மட்டும் என்று அதில் இல்லை, "யாருக்கும்" என்றே இருக்கிறது. மதத்தைக் காரணமாகக் காட்ட வேண்டும் என்றும் இல்லை. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதற்கும் போகாதவரும் கேட்கலாம். வழக்கு என்று வந்தால் எதிர்ப்பு உண்மையானதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் சத்தியப் பிரமாணத்தின் பேரில் நீங்கள் சொல்லும் சாட்சியமே அதற்குப் போதும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. ஃபாதரிடம் கடிதம் வாங்கி வர வேண்டியதில்லை.

1969இல் முதல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆளுங்கட்சியே கொறடா உத்தரவை விலக்கிக்கொண்டு, உறுப்பினர்கள் அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்று விட்டுவிட்டது. இந்த ஊரில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அமைச்சர்களுக்கே அன்று அந்த இடம் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு தாதி அதைக் கேட்பதை யாரும் அதிகப்பிரசங்கித்தனமாக நினைக்க வேண்டாம்.

ஆக, அந்த மாத்திரையைக் கொடுக்க மறுத்தது உங்கள் உரிமை. அதில் சந்தேகம் இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. கர்ப்பிணியின் உயிரைக் காப்பாற்றவோ, அவருடைய உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ தேவைப்படும் சிகிச்சை என்றால், உங்கள் கடமை அப்படியே இருக்கிறது. உயிர் போகும் கட்டம் மட்டும் இல்லை, நிரந்தரப் பாதிப்பும் இதில் அடங்கும். 19 வாரத்தில் பனிக்குடம் உடைந்து, காய்ச்சல் ஏறி, கிருமி ரத்தத்தில் பரவ ஆரம்பித்துவிட்டது என்றால் கருவின் இதயம் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்க முடியாது. அயர்லாந்தில் 2012 அக்டோபரில் இறந்துபோன சவிதா ஹலப்பனவரை நினைவிருக்கும். கர்நாடகத்திலிருந்து போன பல் மருத்துவர், 17 வாரக் கர்ப்பம். கர்ப்பம் தங்காது என்று தெரிந்த பிறகும் கருவின் இதயத் துடிப்பு இருந்ததால் கலைக்க மறுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. அங்கே அன்று இருந்த சட்டம் வேறு, கண்காணிப்பிலும் குறைகள் இருந்தன என்று விசாரணை சொன்னது. தாதியின் மனசாட்சி சம்பந்தப்பட்ட வழக்கு இல்லை அது. ஆனாலும் நம் சட்டத்தில் அந்த விலக்கு எதற்காக இருக்கிறது என்பது அந்தப் பெண்ணை நினைத்தாலே புரிந்துவிடும்.

அப்புறம் "பங்கெடுப்பது" எதுவரை? இதுதான் உங்கள் வார்டில் நாளைக்கே வரப்போகிற கேள்வி. நம் பிரிவு பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவை ஏறக்குறைய அப்படியே ஒத்திருக்கிறது. அதனால் அங்கே வந்த தீர்ப்புகளைப் பார்ப்பது உதவும். அவை இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் நம் வழக்கறிஞர்கள் கட்டாயம் எடுத்துப் பார்ப்பார்கள். 1988இல் ஒரு சுகாதார நிலையத்தின் செயலாளர், கருக்கலைப்புக்கான பரிந்துரைக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய மாட்டேன் என்றார். கடிதம் அடிப்பது சிகிச்சையில் பங்கெடுப்பது ஆகாது என்று அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரசவ வார்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தவர்கள். அந்த நோயாளிகளுக்குத் தாதிகளை ஒதுக்குவதும் மேற்பார்வை செய்வதும்கூடப் பங்கெடுப்பதுதான் என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. நேரடியாகக் கை வைக்கும் வேலைகளையே பிரிவு காப்பாற்றும் என்றது தீர்ப்பு.

அந்த இருவரும் தோற்றதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. உள்ளே வருவது எது என்று தீர்ப்பு நல்ல தாராளமாகவே எண்ணிச் சொல்கிறது: பிரசவ வலியைத் தூண்டும் மருந்தைக் கொடுப்பது, வலி எப்படிப் போகிறது என்று கவனிப்பது, அந்த வலிக்கு மருந்து கொடுப்பது, கரு வெளியே வரும்போது உதவுவது, நஞ்சுக்கொடி வரை. இதெல்லாம் நீங்கள் மறுக்கக்கூடியவை. வெளியே நிற்பவை: போனை எடுத்துப் படுக்கை ஒதுக்குவது, ரோஸ்டர் போடுவது, எல்லாம் முடிந்த பிறகு சாதாரணப் பராமரிப்பு. ரத்த அழுத்தம் பார்ப்பது, துணி மாற்றுவது, மைலோ கலக்கிக் கொடுப்பது, கழிப்பறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் இந்தப் பின்பகுதியில்தான் வரும். இன்னொன்றும் தீர்ப்பில் இருக்கிறது. மறுக்கிறவர், மறுப்பு இல்லாத இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிசோபிராஸ்டால் என்ற பெயரை மருந்துச் சீட்டில் பார்த்ததும் பின்வாங்கும் இளம் தாதிகளைப் பார்த்திருக்கிறேன். அதே மாத்திரை பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தவும், கருப்பைக்குள் கருவி விட்டுப் பார்க்கும் முன் கருப்பை வாயை இளக்கவும், கரு ஏற்கெனவே இறந்துபோன பெண்ணுக்கு அதை வெளியேற்றவும் கொடுக்கப்படுகிறது. கடைசியாகச் சொன்னது கருச்சிதைவு, கருக்கலைப்பு இல்லை. இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கும் ஒருத்தி முன்னால் நின்று "என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டால், அதை வாழ்நாள் முழுக்கத் திரும்பப் பெற முடியாது. மருந்தின் பெயரைப் பார்க்காதீர்கள், நோய்க்குறிப்பைப் படியுங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்குச் செய்யும் அறுவையும் அப்படித்தான். குழாயோடு எடுப்பதை உங்கள் திருச்சபையின் ஒழுக்கவியலே கருக்கலைப்பாகக் கொள்வதில்லை.

இரவு மணி அடித்ததற்கு வருகிறேன்.

நீங்கள் போயிருக்க வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை எடுத்த பெண்ணுக்கு ரத்தம் அதிகம் என்றால் எத்தனை நாப்கின் நனைந்தது என்று எண்ணி, நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, கருப்பை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அழைப்பில் இருக்கும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதில் கலைப்பது எதுவும் இல்லை. அது ரத்தப்போக்கு, அவ்வளவுதான். மகளிர் நோய் வார்டில் 10 நிமிடத்தில் நிலைமை எவ்வளவு மாறும் என்று உங்களுக்கே தெரியும். அவர் மயங்கி விழுந்திருந்தால் 6ஆம் பிரிவு உங்களைக் காப்பாற்றியிருக்காது. சொல்லப்போனால் மேலாளர் காட்டிய கோபத்தில் பாதி இதற்காக இருக்கலாம். மாத்திரையை மறுத்ததையும் மணிக்குப் போகாததையும் அவர் ஒன்றாகவே பார்த்திருப்பார். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது இனி உங்கள் வேலை. தூக்கம் வராமல் தவித்தீர்கள் என்றால், அதே மனசாட்சிதான் இந்தப் பக்கமும் பேசுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வார்டுக்கு வருகிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடு சரியாக உருவாகவில்லை, இதயத்தில் பாதி இல்லை என்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. 24 வாரத்தைத் தாண்டிவிட்டால் தாயின் உயிருக்கோ நலத்துக்கோ நேரடி ஆபத்து இருந்தாலொழிய சட்டம் அனுமதிக்காது. அதனால் நாள்களை எண்ணிக்கொண்டு, முடிவெடுக்க முடியாமல் எடுத்து வருகிறார்கள். குழந்தைக்குப் பெயர் தேடிவைத்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு காரணங்களுக்காக வருகிறவர்களும் உண்டு, அது அவர்கள் விஷயம். எல்லாரும் கட்டாய ஆலோசனை முடித்து, அதற்குப் பிறகு குறைந்தது 48 மணி நேரம் காத்திருந்து, அப்புறம்தான் சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். முன்பு சிலருக்கு அந்த ஆலோசனையிலிருந்து விலக்கு இருந்தது. 2015இல் அதுவும் போய்விட்டது. யோசிக்கச் சொல்ல வேண்டிய கட்டம் உங்களிடம் வரும் முன்பே முடிந்துவிடுகிறது. படுக்கைப் பக்கத்தில் முகத்தாலோ பெருமூச்சாலோ நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டீர்கள். இதைப் பற்றி நம்மிடையே யாரும் எழுதுவதில்லை, ஆனால் சிங்கப்பூர் வார்டுகளில் தமிழ்த் தாதிகள் எல்லாருக்கும் இது நடக்கிறது. பேட்ஜில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும், வேலையை விட்டுவிட்டு வா என்று இழுத்துப் போய்விடுவார்கள். கருக்கலைப்புக்கான சம்மதத்தை மொழிபெயர்ப்பது பங்கெடுப்பதா? கை வைக்கும் வேலைதான் பங்கெடுப்பது என்ற அளவுகோலால் பார்த்தால் இது வெளியே நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சம்மதம் இல்லாமல் சிகிச்சையே தொடங்காது என்று மறுபக்கம் வாதிடவும் இடம் உண்டு. சட்டம் எப்படியோ, என் அபிப்பிராயம் இது: டாக்டர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், குரலில் எதையும் ஏற்றாமல் சொல்ல முடியும் என்றால் செய்யுங்கள். முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லி வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து போவதும், "இதுக்கு வேற வழி இருக்கும்மா" என்று தமிழில் ஒரு வரி செருகுவதும் கூடவே கூடாது. டாக்டருக்குப் புரியாத மொழியில் நோயாளியிடம் தனியாகப் பேசும் அதிகாரம் நமக்கு யாரும் தரவில்லை.

ஆனால் நீங்கள் அங்கே இருப்பதில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. மாமியாரோ கணவரோ தமிழில் என்ன சொல்கிறார்கள் என்பது அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் விளங்கும். "மறுபடியும் பொண்ணுன்னா வேண்டாம், ஒழுங்கா கையெழுத்துப் போடு" என்ற பேச்சு காதில் விழுந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பெண்ணை மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ கருவைக் கலைக்க வைப்பது இதே சட்டத்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கருக்கலைப்பை ஆதரிக்கும் டாக்டரும் எதிர்க்கும் நீங்களும் ஒரே பக்கம் நிற்கிற இடம் அது.

இன்னொரு எச்சரிக்கை. நோயாளியின் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்புச் சிகிச்சை பற்றிய தகவலை வெளியே சொல்வதும் குற்றம். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலிலோ உங்கள் பகுதிக் கத்தோலிக்கர்கள் கூடும் அன்பியத்திலோ "என் வார்டில் ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் நம் சமூகம் சிறியது, கண்டுபிடித்துவிடுவார்கள். ஜெபத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் போனில் பேசும்போதும் இதே கதைதான்.

வேலை பாஸ் பற்றிய பயம் நியாயமானது. பாஸ் முதலாளியோடு கட்டப்பட்டது, அதனால் உள்ளூர்த் தாதி எழுப்பும் குரலில் நம்மால் பேச முடிவதில்லை. 6ஆம் பிரிவு, ஒப்பந்தத்தைக் காட்டி உங்களைக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. வேறு வார்டுக்கு மாற்றுவதை அது தடுக்காது. உண்மையைச் சொன்னால், மாற்றம் கிடைத்தால் நல்லது. நோட்டீஸ் கொடுத்து வேலையை முடிக்க முதலாளிக்கு வழி இருக்கிறது. ஆனால் மதத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டி நிறுத்தினார்கள் என்றால் அது தவறான பணிநீக்கம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டாடெம் எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்பில் புகார் செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். மதத்தையும் சேர்த்துப் பாதுகாக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. இதெல்லாம் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே சுகாதாரச் சேவை ஊழியர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்; மேலாளரோடு பேசப் போகும்போது துணைக்கு ஓர் ஆள் இருப்பதே பெரிய வித்தியாசம்.

"வேலையை விட்டுட்டு வா" என்று அம்மா சொல்வது பாசத்தில். ஊருக்குப் போனாலும் மகளிர் வார்டில் இதே கேள்வி காத்திருக்கும்; அங்கே இப்படி எழுதிவைத்த ஒரு பிரிவும் இருக்காது. தாம்சன் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் 1961இல் தொடங்கிய மவுண்ட் அல்வெர்னியா போன்ற கத்தோலிக்க மருத்துவமனையும் இங்கேயே இருக்கிறது, விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆனால் ஓடிப்போகிற மனநிலையில் வேலை மாறாதீர்கள்.

உலகத்தில் இரண்டு ஓரங்களும் இருக்கின்றன. சுவீடனில் இப்படி மறுக்கும் உரிமையே கிடையாது; மறுத்த மருத்துவச்சி ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2020இல் வழக்கு விசாரணைக்கே எடுக்கப்படாமல் திரும்பினார். இத்தாலியில் மகப்பேறு மருத்துவர்கள் 10 பேரில் ஆறேழு பேர் மறுப்பவர்கள். அங்கே நோயாளி ஊர் ஊராக அலைகிறார். உங்கள் உரிமை இங்கே நிலைத்து நிற்பது, மறுக்காமல் செய்ய மற்றவர்கள் இருப்பதால்தான். நான் அப்படிச் செய்தவர்களில் ஒருத்தி. அந்த மலாய்த் தாதியும் அப்படித்தான். அவருக்கும் மதம் இருக்கிறது, மனசாட்சி இருக்கிறது. சந்தோஷமாகச் செய்தார் என்று நினைக்காதீர்கள். அவரிடம் போய் நன்றி சொல்லுங்கள். அவர் ஏற்கிற ஒவ்வொரு கேஸுக்கும் பதிலாக, வார்டில் எல்லாரும் தட்டிக்கழிக்கிற கஷ்டமான நோயாளியை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

மேலாளரிடம் நடைபாதையில் பேச வேண்டாம், பணி மாறும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். ஒரு பகலில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி உட்காருங்கள். முதலில் அந்த இரவு நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அதை முடிக்காமல் உரிமையைத் தொடங்கினால் அவர் காதில் எதுவும் ஏறாது. பிறகு பேசியதை அன்றே மின்னஞ்சலாக அனுப்புங்கள், ஆங்கிலத்தில், சுருக்கமாக. அதில் இருக்க வேண்டியதைத் தமிழில் சொல்கிறேன்:

"கருக்கலைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, கருவைக் கலைப்பதற்கான மருந்தைக் கொடுப்பதிலும் அந்தச் செயல்முறையில் நேரடியாக உதவுவதிலும் எனக்கு மனசாட்சிப்படி எதிர்ப்பு இருக்கிறது. கருச்சிதைவு நோயாளிகளுக்கு எல்லாச் சிகிச்சையும் செய்வேன். கருக்கலைப்புக்கு வந்தவர்களுக்கும் சேர்க்கை, ரத்த அழுத்தம், உணவு, செயல்முறைக்குப் பிந்தைய பராமரிப்பு எல்லாம் செய்வேன். ரத்தப்போக்கு, மயக்கம், காய்ச்சல் போன்ற எந்த அவசரத்திலும் முதல் ஆளாகப் போவேன். ஒவ்வொரு பணிநேரத் தொடக்கத்திலும் இந்த நோயாளிகளை யாருக்கு ஒதுக்குவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள உதவ வேண்டும்."

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலை மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். பதில் எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்கள். இரவு ரோஸ்டரில் நீங்களும் இன்னொருவரும் மட்டும் இருக்கிற நாள்களை அவர்கள் எப்படிச் சமாளிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் வரும்.